எஞ்சினுக்குக் காட்டிய கற்பூரம்

அரைகுறையாகப் படித்தவர்களை எஞ்சினுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. முழுதாகப் படித்தவர்கள் அளந்து பேசுவார்கள். படிக்காதவர்கள் கேட்டுவிட்டுப் பேசுவார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் வருடம் மட்டும் முடித்திருந்த நான், மயிலிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அயலைக் கூட்டிவைத்துப் பேசினேன்.

அண்ணை அதுவரை ஒரு சம்மாட்டியிடம், அவருடைய வள்ளத்தில் மீன்பிடிக்கும் கூலியாளாகப் போய்வந்தார். இப்போது சொந்த வள்ளம். அதற்கொரு பழைய டீசல் எஞ்சினை, நான் பார்த்து "நல்லது" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கியிருந்தார். (நான் பார்த்தது அதன் மேல் பூசியிருந்த பெயின்ரை.) வள்ளத்தில் பூட்டுமுன் மரக்கட்டைகள் மேல் இருத்தி ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நல்ல நேரம் முடிவதற்குள் ஓடாவிட்டால் எஞ்சினைத் திருப்பிக் கொடுப்பதென்று வீட்டுக்குப் பெரியவரான அப்பு சொல்லிவிட்டார். அப்படியானால் அண்ணை மறுபடியும் சம்மாட்டியிடம்தான்.

மாசிப் பனி. அம்மா எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, கற்பூரத் தட்டோடு வந்தார்.

"அம்மா, உந்தத் தட்டை அங்காலை வையுங்கோ. இதுக்கு நெருப்பே தேவையில்லை."

"நெருப்பில்லாமல் டீசல் எப்பிடிப் பத்தும் பிள்ளை?" என்றார் அப்பு.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து, வேகமாகச் சில தரம் அமுக்கி, அதன் அடியை அப்புவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"எட, சுடுகுது!"

"அதுதான் அப்பு. காற்றை அமத்தேக்கை நாங்கள் செய்யிற வேலை அதுக்குள்ளை அகச்சக்தியாய்ச் சேரும். எஞ்சின் இன்னும் இறுக்கி அமத்தும். அந்தச் சூட்டிலை டீசல் தானாய்ப் பத்தும்."

முற்றத்தில் நின்றவர்கள் ஆளுக்கொருதரம் பம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கே புல்லரித்தது. மனிதனின் கைப்பலம் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குள் புகுந்து நெருப்பாக முடியுமென்றால், யாருக்குத்தான் புல்லரிக்காது?

அண்ணை ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமல். அப்புவும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சினுக்கு விளங்கேல்லைப் போல," என்றார் பக்கத்து வீட்டு மாமி. "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

காரணங்கள் மூன்று. முதலாவது, தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடுக்கால் காற்று கசிந்தது. இரண்டாவது, பனியில் விறைத்த இரும்பு, சேர்ந்த கொஞ்சச் சூட்டையும் குடித்துவிட்டது. மூன்றாவது, இவை இரண்டும் எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

"காணும் சுத்தினது. நல்ல நேரம் முடியுது. வண்டிலிலை ஏத்துங்கோ," என்றார் அப்பு.

அண்ணை ஹாண்டிலை விடவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. "கடைசியா ஒருக்கா, அப்பு."

அம்மா இம்முறை என்னைக் கேட்கவில்லை. இருந்த கற்பூரம் முழுவதையும் தட்டில் கொட்டிக் கொளுத்தி, எஞ்சின் காற்றிழுக்கும் குழாயின் வாய்க்கு நேரே பிடித்தார். (அம்மாவின் கணக்கில் எஞ்சினுக்கு முகம் அதுதான்.) அண்ணை சுற்றினார். சுவாலை வளைந்து குழாய்க்குள் போனது. ஒரு வெடி. இன்னொன்று. பிறகு முற்றமே அதிர எஞ்சின் ஓடத் தொடங்கியது. மாலை சக்கரத்தில் சிக்கிப் பிய்ந்து, பூவெல்லாம் என் தலையில் கொட்டியது.

"முருகா!" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உள்ளே போன காற்றை அம்மாவின் கற்பூரம் முதலிலேயே சூடாக்கியிருந்தது. குறைந்ததை அண்ணையின் கை நிரப்பியிருந்தது. வெப்பமாய்க் கொடுத்தாலும் வேலையாய்க் கொடுத்தாலும் வாயு ஒன்றாகவே கூட்டிக்கொள்கிறது, எது யார் தந்ததென்று பிரித்து வைப்பதில்லை. பாடப்புத்தகத்தில் அது ஒரு சின்னக் கூட்டல் குறி. அந்தக் குறி கண்முன்னே புகை கக்கிக்கொண்டு ஓடியது.

தலையில் விழுந்த பூவைத் தட்டுமுன்பே விளக்கத் தொடங்கிவிட்டேன். "வெப்பம் அம்மாவின்ரை, வேலை அண்ணையின்ரை. ரெண்டும் சேர்ந்துதான்..."

"ஓம், சரி. அப்ப உன்ரை எது பிள்ளை?" என்று கேட்டார் மாமி.

இப்போது அண்ணை சொந்த வள்ளத்தில் போய்வருகிறார். போன மாதம் எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அம்மா என்னைக் காட்டிச் சொன்னார்: "இவள் எஞ்சின் படிச்சவள். ஸ்டார்ட் பண்ணினது நான்."