எவ்வளவு குடுக்குது?

பழைய பிக்கப் வண்டிக்காரர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் வண்டியில் பாரம் ஏற்றும். இரண்டாம் ரகம் வண்டியிலிருந்து பாரம் இறக்கும். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்கு உழைத்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் ரகத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்த்திருப்பீர்கள். துக்க வீட்டில், அப்பாவைப் பறிகொடுத்தவனின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டே, கண்ணை மட்டும் வாசலுக்கு அனுப்பி, அங்கே நிற்கும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரவைத்து, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு குடுக்குது?" என்று மைலேஜ் விசாரிப்பவர் அவர்தான்.

நம்மவருக்கு மெத்தைக் கடை. பிக்கப் அவருக்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு வந்தது. வந்த அன்றே தட்டுமுட்டுச் சாமான்களை இறக்க ஆரம்பித்தார். முதலில் பின்கதவு போயிற்று. அப்புறம் கால்மிதி, ரேடியோ, ஜாக்கி. கடைசியில் ஸ்டெப்னியும் இறங்கி, வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடியேறியது. "பஞ்சர் என்னைக்கோ ஒரு நாள்தான் ஆகும். அதுக்காக தினமும் ஒரு சக்கரத்தைத் தூக்கிச் சுமக்கணுமா?" என்பது அவர் வாதம். டேங்கைக்கூட முழுதாக நிரப்பமாட்டார். டீசலுக்கும் எடை உண்டல்லவா? அதனால் பாதி டேங்க். அதனால் பெட்ரோல் பங்க்குக்கு இரண்டு மடங்கு நடை. இந்த இரண்டாவது அதனால் அவர் காதில் விழுந்ததே இல்லை.

இறக்கம் வந்தால் நியூட்ரல். எதிர்காற்று அடித்தால் ஜன்னல் ஏறிவிடும். வெயிலுக்கு இறங்காது. பெரிய வண்டி ஏதாவது முன்னால் போனால் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, காற்றை அது வாங்கிக்கொள்ள, தான் நோகாமல் போவார். இப்படியெல்லாம் தவம் இருந்து பெற்ற மைலேஜ் கணக்கை, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல், பக்கத்தில் வந்து காதோடு சொல்வார். கேட்டவர் நம்பமாட்டார். நம்பாததில்தான் அவருக்குப் பாதிச் சந்தோஷம்.

கழற்ற முடியாதது ஒன்றே ஒன்று இருந்தது. ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அது நிறைவாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதைக் குறைக்கச் சொல்லி வெகுநாளாகிறது. வண்டி குறைந்துவிட்டால் வண்டிக்குள் இருப்பவர் எதற்குக் குறைய வேண்டும்?

இவ்வளவும் அவர் வீட்டில் சகித்துக்கொள்ளப்பட்டது, மகளுக்கு வெளியூரில் வேலை கிடைக்கும்வரை.

மகள் பக்கத்து ஊரில், ஒரு மேட்டின் உச்சியில், மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள். போனதிலிருந்து தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். மெத்தைக் கடைக்காரர் பெண் பாயில் படுக்கிறாள் என்பதை அம்மாவால் ஜீரணிக்க முடியவில்லை. மெத்தை போக வேண்டும். கூடவே தானும் போய், பெண் தங்கியிருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அறை, ஜன்னல், குழாயில் தண்ணீர், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். தாய்க்குப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் வந்து இரும்புக் கட்டிலை ஏற்றினான். நம்மவர் ஒரு சுற்று வந்து பார்த்தார்.

"இறக்கு. மெத்தையைத் தரையில போட்டா முதுகுக்கு நல்லது."

கட்டில் இறங்கியது. இரண்டு பெட்டிப் புத்தகம் ஏறியது.

"படிச்சு முடிச்சதுதானே? இறக்கு."

"அத்தான், நான் ஏத்தினா இறக்கச் சொல்றீங்க. பேசாம ஏத்தாமலே இறக்கிடவா?" என்றான் மச்சினன். இருந்தாலும் இறக்கினான். மிஞ்சியது மெத்தை ஒன்றுதான். அதுவும் உள்ளே காற்றுத்தான் அதிகம் என்று அவரே வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லும் ரகம்.

அப்போது அவர் மனைவி நல்ல புடவை கட்டி, கையில் பையோடு வந்து, முன்சீட்டுக் கதவின் கைப்பிடியைத் தொட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார்.

"பஸ்ஸு நேரா அங்கேதான் போகுது. அந்த மேட்டுக்குக் கீழேயே ஸ்டாப்பு" என்றார் டயரிடம்.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் ஏறினா எவ்வளவுங்க குடிக்கும்?"

"அதுக்கில்லம்மா. பழைய வண்டி..."

"அக்கா, வளையலை வேணா கழட்டிட்டு ஏறிப் பாரேன்" என்றான் மச்சினன்.

அவள் சிரிக்கவில்லை, சண்டை போடவில்லை. பையை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊரைத் தாண்டியதும் அதிர்ஷ்டம் அடித்தது. அகலமான முதுகோடு, சீரான வேகத்தில் முன்னால் ஒரு பஸ். நம்மவர் போய் ஒட்டிக்கொண்டார். காற்று விலகியது, எஞ்சின் சத்தம் இளகியது, மனசும் இளகியது. நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசி சீட்டில், மனைவி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

முந்திப் போகலாமென்றால் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். மைலேஜ் போய்விடும். பின்தங்கலாமென்றால் காற்று முகத்தில் அடிக்கும். அப்போதும் மைலேஜ் போய்விடும். ஆக, வழி நெடுக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், அந்த முகத்துக்கு நேரே, போய்க்கொண்டே இருந்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றார். ஒவ்வொரு கடலையாக உரித்து, ஊதி, வாயில் போட்டபடி அவள் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமானதிலிருந்து இருவரும் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

மேட்டுக்குக் கீழே பஸ் நின்றது. அவள் இறங்குவதற்குள் நம்மவர் தப்பித்தோம் என்று வளைத்து மேட்டில் ஏற்றினார். முந்தின நாள் மழை. மண் ரோடு குழைந்து கிடந்தது. பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் மட்டும் நிற்கவில்லை; இருந்த இடத்திலேயே ஆவேசமாக ஓடிக்கொண்டிருந்தன. மேலே அழுத்தினார். சேறு பறந்தது, புகை வந்தது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. டீசல் எரிகிறது, தூரம் ஏறவில்லை! நரம்பில் ஊசி குத்தி யாரோ ரத்தத்தை வாளியில் பிடிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, பின்பக்கம் காலி. சக்கரம் மண்ணைப் பிடிக்க அதன் மேல் பாரம் வேண்டும். கட்டில் போல, புத்தகம் போல, ஸ்டெப்னி போல ஏதாவது.

கண்ணாடியில், சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மனைவி வருவது தெரிந்தது. ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏன் நிக்குது?"

"சக்கரம் பிடிக்கல."

"ஏன் பிடிக்கல?"

"பின்னாடி லேசா இருக்கு."

"லேசா இருந்தா நல்லதுன்னு சொல்வீங்களே."

அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை.

"கொஞ்சம்... பின்னாடி ஏறி உக்காரேன்."

"நானா? எதுக்கு?"

"வெயிட்டுக்கு."

மேலே வாசலில் நின்ற மகள், வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். "அம்மா ஒரு ஆள் பத்துமாப்பா? நானும் வரணுமா?"

"இருடி" என்றாள் அம்மா. "ஏங்க, திரும்பறப்ப நான் முன்சீட்டு. அடுத்த வாரம் கட்டில், புத்தகம், மாடிப்படிக்குக் கீழ கிடக்கிற அந்தச் சக்கரம், எல்லாம் இதே வண்டியில இங்க வரணும்."

அவர் தலையாட்டினார்.

"தலை ஆட்டினா பத்தாது. வாயால சொல்லுங்க."

"வரும்."

அம்மாவும் பெண்ணும் சரியாகப் பின்சக்கரங்களுக்கு மேலே, மெத்தையில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தார்கள். கிளட்சை விட்டார். சக்கரம் மண்ணைப் பிடித்தது. மண்ணைக் கவ்வியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி முனகிக்கொண்டே உச்சிக்குப் போய் நின்றது. பின்னாலிருந்து ஒரு கடலைத் தோல் பறந்து வந்து அவர் மடியில் விழுந்தது.

அறை நன்றாகத்தான் இருந்தது. தாழ்ப்பாள்தான் லொடலொட. அதையும் அவரையே திருகவைத்துவிட்டு, சாயங்காலம் அவள் முன்சீட்டில் ஏறினாள். மடியில், மகள் கொடுத்த பூச்செடி. ஈர மண் நிரம்பிய பெரிய தொட்டியோடு. அவர் தொட்டியைப் பார்த்தார். வாய் திறந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். மூடியது.

அன்று போக வர வண்டி எவ்வளவு கொடுத்தது என்று இதில் எங்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். இப்போது சொன்ன பிறகுதான் அது ஞாபகம் வருகிறதென்றால் நீங்கள் நல்லவர். போய் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் அந்த மேட்டைத் தாண்டியதிலிருந்தே, "சரி, அதெல்லாம் இருக்கட்டும், எவ்வளவு குடுத்துது?" என்று உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்ததா? அப்படியானால் தயவுசெய்து எழுந்து போய் உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே வீட்டுக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். யாராவது பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.