ஹாட்யாயில் அளவெடுத்த கோட்டு

உலகில் இதுவரை பெறப்பட்ட உரிமைகள் யாவும் கோட்டு போட்டவர்களால் பெறப்பட்டவையே. இந்தப் பேருண்மை, கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் 'குடியிருப்போர் உரிமைக் குழு'த் தலைவர் கோகிலனுக்கு ஒருநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது உதித்தது.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி, லயத்து வரிசை வீடுகளிலிருந்த இருபத்திரண்டு குடும்பங்களையும் கிளம்பச் சொல்லியிருந்தது. வரப்போகும் கூட்டத்தில், "மாற்று வீடு தராமல் லயத்தில் கை வைக்கக்கூடாது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் லயம் போச்சு.

"ஒரு வார்த்தைதானே? நானே சொல்லிடுறேன்லா," என்றார் அந்த லயத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் இராஜம்மா.

"எதைப் போட்டுக்கிட்டு சொல்லுவீங்க, அக்கா?"

இராஜம்மா குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டார். குழு ஏகமனதாக, அதாவது தலைவரின் ஏக மனதாக, ஓர் 'அயல்நாட்டு ஆய்வுப் பயண'த்துக்கு ஒப்புதல் வழங்கியது. கோகிலன் பஸ் ஏறி, தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போனார். ஒரே நாளில் கோட்டு தைத்துக் கொடுக்கும் மேதைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தையல்காரர் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். தலைவனுக்கு நெஞ்சு இருக்கலாம், வயிறு இருக்கலாமா? கோகிலன் மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை முதுகுப் பக்கம் அனுப்பிவைத்தார்.

"பாஸ், மூச்சை விடுங்க," என்றார் தையல்காரர், தெரிந்த மலாயில்.

கோகிலன் முடியாது என்று தலையாட்டினார். தையல்காரர் மூன்று முறை கெஞ்சினார். நாலாவது முறை, எப்படியோ போ என்று அளவை எழுதிக்கொண்டார்.

கூட்டத்தன்று கோட்டு கச்சிதமாக இருந்தது. மனைவி ரூபினி முழங்காலால் அவர் வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஏங்க, இதுல பேச முடியுமா?"

"ம்," என்றார். அதற்கு மேல் உள்ளே காற்று இல்லை.

கம்பெனி மேனேஜர் வெளுத்துப்போன டீசட்டையில் வந்திருந்தார். அவருக்காகக் கோகிலன் வெட்கப்பட்டார்.

"அடுத்த வாரம் லயத்தை உடைக்கிறோம். வீடெல்லாம் கிடையாது. ஆட்சேபம் உண்டா?"

இருபத்திரண்டு குடும்பமும் தலைவரைப் பார்த்தது. வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு பொத்தானைக் கழற்றினால் போதும், வெளியே வந்துவிடும். கூடவே வயிறும் வந்துவிடும். எதிரிலோ பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பொறுக்க மாட்டாமல் இராஜம்மா எழுந்தார். தலைவர் கம்பீரமாகக் கையமர்த்தினார். தலைவர் மட்டுமே பேசலாம் என்பது குழுவின் விதி. இராஜம்மா உட்கார்ந்துவிட்டார்.

'ஆட்சேபம் இல்லை' என்று பதிவாயிற்று. படம் அருமையாக வந்திருந்தது.

மறுவாரம், தட்டுமுட்டுச் சாமான்களோடு இராஜம்மா லோரியில் ஏறினார். ரவாங்கில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. வழியனுப்பத் தலைவர் அதே கோட்டில், அதே விறைப்போடு வந்து நின்றார்.

இராஜம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் லயத்த உடைச்சாச்சே, தலைவரே. இனிமேலாச்சும் மூச்சு விடுங்க."