நூல்கண்டாரும் கோடு போட்ட புலியும்

டிக்கோயாவிலிருந்து மஸ்கெலியா வரை நூல்கண்டாரிடம் மாட்டாமல் தப்பிய தலை ஒன்றுகூடக் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் வாட்ச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காவலில் தூக்கம் வராமலிருக்கக் கம்பளித் தொப்பி பின்னப் பழகியவர், ஓய்வுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார். பார்வை நெற்றிக்கு மேலேதான் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரனான நான் மூக்குக்கண்ணாடி மாற்றியது அவருக்கு வெகுநாள் தெரியாது. என் முடி கொட்டுவதை மட்டும் எனக்கு முன்பே கண்டுபிடித்தார்.

மனிதத் தலைகள் தீர்ந்தபோது தேநீர்க் கேத்தலுக்கு ஒரு தொப்பி பின்னினார், நாய்க்கு ஒன்று பின்னினார். ஒரு மார்கழியில் தோட்டத்துக் கோவில் பிள்ளையாருக்கே காது மூடும் தொப்பியோடு போய் நின்றார். பூசாரி தயங்கினார்.

"நீங்க மப்ளர் சுத்திக்கிட்டு நிக்கிறீங்க, அவருக்கு மட்டும் இந்தக் குளிர்ல சந்தனமா?" என்று நூல்கண்டார் கேட்டாராம். பூசாரி மப்ளரைக் கழற்றிவிட்டார். அந்த வாரம் முழுவதும் தும்மல்களுக்கு நடுவில்தான் மந்திரம் கேட்டது.

போன வருடம் கொழும்பிலிருந்து என் மகள் அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். பேரனின் முதல் பிறந்தநாளை எங்கள் வீட்டில் வைக்கிறோம், வேஷம் போட்டுப் படம் எடுக்கப் புலித் தொப்பி வேண்டும் என்றாள். தலையின் அளவைச் சென்டிமீட்டரில் சொன்னாள். அதெல்லாம் தனக்குத் தெரியாது, ஏதாவது காயாகச் சொல்லும்படி அவர் கேட்டார். "சின்னப் பப்பாளி, மாமா" என்றாள்.

அவர் பின்னிய தொப்பி பொங்கல் பானைக்குப் பொருந்தும் அளவில் இருந்தது. சிரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கொழுந்து வாடினாத்தானே சேர் தேயிலை? பொறுங்க" என்றார். வாத்தியாராக இருந்ததால் நான் அவருக்கு எப்போதும் 'சேர்'. ஆட்டுக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுச் சவர்க்காரம் தேய்த்துக் கசக்கினால், சுருங்கித் தடித்து இழையே தெரியாமல் இறுகிவிடும். கசக்கிக் காயவைத்து எடுத்தபோது அசல் பப்பாளி அளவு. இரண்டு காதுகள், மீசை, மஞ்சள் உடம்பு, அதன்மேல் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். இந்த நாட்டில் போர் நடந்த கெட்ட காலத்தில், புலி என்ற சொல்லே ஒரு தமிழனை உள்ளே தள்ளப் போதுமாக இருந்தபோது, நான் பள்ளிக்கூட வாத்தியார். புலி பற்றிய பாடம் வரும் நாளில் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். அந்தக் காலம் போய்விட்டது, காய்ச்சல் போகவில்லை. இந்தத் தொப்பியோடு பிள்ளை ரயிலில் போக வேண்டுமே என்று நினைத்தேன். ஆனால், பயம் என்று சொல்ல வெட்கம்.

"நம்ம மலைப் புலிக்குப் புள்ளிதானே இருக்கு? புள்ளி வையுங்களேன்" என்றேன்.

"நான் பாத்தப்ப அது ஓடுச்சு சேர். ஓடும்போது புள்ளியெல்லாம் கோடாத்தான் தெரியும்" என்றார்.

தொப்பியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். மகள் வருவதற்கு முன் அதைப் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கறுப்பு மங்கினால் போதும் என்பதே என் எண்ணம். கறுப்பு அப்படியே இருந்தது. தொப்பிதான் சுருங்கித் தோடம்பழம் அளவுக்கு, ஓர் ஆரஞ்சு அளவுக்குப் போய்விட்டது.

பிறந்தநாளன்று அது பேரனின் உச்சந்தலையில் குப்பி மூடி மாதிரி உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நூல்கண்டார் சிரிக்கவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்குத் தப்பிடுச்சு சேர். கை போயிடுச்சு" என்றார். நான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

பின்னுவதை விட்டு ஊசிகளைக் கூரைச் சந்தில் செருகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அதன்பிறகு என்னைச் சந்தித்தபோது, அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். மூக்குக்கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தொப்பிய நான்தான் மறுபடி கொதிக்க வச்சேன். கோடு அழியட்டும்னு" என்றேன்.

அவர் கூரைச் சந்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "பயம்னா சொல்ல வேண்டியதுதானே சேர்? எனக்கும்தான் அந்தக் காலத்துல பயம். பூனையாப் பின்னியிருப்பேனே."

"வேணாம். புலியே பின்னுங்க" என்றேன்.

கூரையிலிருந்து ஊசிகள் இறங்கின. மகள் கொழும்புக்குத் திரும்பும் நாளுக்குள் இரண்டாவது தொப்பி தயாராகிவிட்டது. கோடுகள் முன்பைவிடத் தடிப்பாக இருந்தன. அது அவர் என்னைத் தண்டித்த விதம் என்று நினைக்கிறேன்.

வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்கு அவரும் வந்தார். பேரன் தொப்பியோடு என் தோளில் இருந்தான். மேடையில் நின்ற ஒரு பொலிஸ்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினேன். இளவயதுக்காரர், கை நீட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "லஸ்ஸன பூசா" என்றார், அழகான பூனையாம்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் தலையாட்டினேன். பக்கத்தில் நூல்கண்டாரின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். நல்ல சிங்களத்தில், மேடை முழுக்கக் கேட்கும்படி, இது பூனை இல்லை மாத்தயா, புலி என்று சொன்னேன்.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதனின் கைவேலையைப் பூனை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.