இரும்புக்குப் பயந்த கடல் சார்

பேய்க்கு அடுத்தபடியாக இரும்புக்குப் பயந்த ஒரே ஜீவன், பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் குடியிருந்த எங்கள் கடல் சார்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், உதியன்குளங்கரையில் ஒரு டுட்டோரியலில் நான் ஆங்கிலமும் அவர் வேதியியலும் நடத்திக்கொண்டிருந்தோம். அதற்கு முன் அவர் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் தற்காலிக உதவியாளராகப் போய்வந்தவர். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் அடுத்த நிமிடம் நடுக்கடலில் நிற்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் கொடுப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

குடைக்கம்பி இரும்பு என்பதால் ஆடி மழையிலும் நனைந்தே வருவார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் யார் மடியிலாவது போய் உட்கார்ந்துவிடுவார்.

“சாறே, ஒண்ணுகில் கம்பியப் பிடியும், இல்லேல் ஆட்டோவில வாரும்” என்பார் கண்டக்டர்.

“கையில துரு ஒட்டும், கேட்டியா” என்பார் இவர், அடுத்தவர் மடியில் இருந்தபடியே.

வகுப்பில் அவர் குரல் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

“எலே மக்கா, கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. காத்தில இருந்து கடல்ல கரையுத கரியமில வாயுவ அதாக்கும் தின்னுது. அது செத்து அடியில போவும்போ கரியும் கூடப் போவும். அடிக்கடல்ல போன கரி திரும்ப மேல வர ஆயிரம் வருஷம் ஆவும்.”

“பரீட்சை மார்ச்சில சாறே” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“இரு மக்கா. அந்தப் பாசிக்கு ஒரு நுள்ளு இரும்பும் வேணும். தூரத்துக் கடல்ல அது கிட்டாது. எங்கயோ கெடக்குத பாலைவனத்துப் புழுதி பறந்து வந்து விழணும்.”

இப்படிப்பட்டவருக்குத் திருப்புறத்தில் ஒரு பெண் அமைந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். பெண்ணின் தாய்மாமா விசாரிக்க வந்து, டுட்டோரியலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்.

“தங்கமான மனுஷன். இரும்பத் தொட மட்டும் பயப்படுவாரு” என்றார் டீக்கடைக்காரர்.

மாமாவின் முகம் கறுத்தது. எங்கள் பக்கத்தில் இரும்புக்குப் பயப்படுவது யட்சிப் பேய் மட்டும்தான்.

பெண் பார்க்க நானும் துணைக்குப் போனேன். மாமா வெற்றிலைத் தட்டை நகர்த்தி, அதிலிருந்த பாக்குவெட்டியைச் சாரின் கையில் நீட்டினார்.

“சாறே, ஒரு பாக்கு வெட்டணும்.”

கடல் சாருக்கு நெற்றி வியர்த்தது. கைக்குட்டையை எடுத்தார், பாக்குவெட்டியைச் சுற்றினார், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பாதிப் பாக்கு பறந்துபோய் மாமாவின் மூக்கில் அடித்தது. மாமா எழுந்துவிட்டார்.

“இது சரியாவாது.”

அப்போது கதவருகே நின்ற பெண் கேட்டாள்: “இரும்பு உங்கள என்ன செய்யுது?”

கடல் சார் தரையைப் பார்த்தபடி பேசினார். வகுப்பில் கேட்கும் குரல் இல்லை அது.

“கடல் தண்ணியில இரும்பு எவ்வளவு உண்டுன்னு பாக்கப் போனோம். உண்டு, இல்லைன்னு சொல்லுத அளவாக்கும் இருக்கும். எனக்க பாக்கெட்டில வீட்டுச் சாவி கெடந்துது. அதத் தொட்ட கையால தண்ணிக் குப்பியத் திறந்துபோட்டேன். கடைசியில பாத்தா, கடலுக்க இரும்பவிட எனக்க சாவிக்க இரும்பு கூடுதல். அத்தன பேருக்க பாடும் வீணாப் போச்சு. ஒருத்தரும் ஏசல. அதுக்குப் பொறவு கப்பலுக்குக் கூப்பிடவும் இல்ல.”

கூட வேலை பார்த்த எனக்கே இது அன்றுதான் தெரியும்.

பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “லேபில ஒருக்கா எனக்கும் ரெண்டுபேருக்க ரத்தக் குப்பி மாறிப்போச்சு. நல்லகாலம், கொடுக்கதுக்கு முன்ன கண்டுபிடிச்சேன். அதுக்குப் பொறவும் ஒரு மாசம் சோறு இறங்கல. மாமா, எனக்கு இவரு போதும்.”

“நம்ம வீட்டு கேட்டுக் கதவும் இரும்பாக்கும். எப்பிடி உள்ள வருவாரு?” என்றார் மாமா, மூக்கைத் தடவியபடி.

“நான் திறந்துவிடுவேன்.”

கல்யாணம் முடிந்து, அவளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்து, இருவரும் போய்விட்டார்கள். புதிதாக வந்த வேதியியல் ஆசிரியர் ஜனவரியிலேயே பாடத்தை முடித்தார். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள். டுட்டோரியலுக்குப் பேரும் வந்தது. எனக்குத்தான், அந்த வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம், யாராவது ஒருவர் கடலைப் பற்றிக் கேட்கக்கூடாதா என்றிருக்கும்.