சேர்க்கைப் பிரிவில் ஒரு பெருமூச்சு

"நீங்க அங்க சேர்ந்திருந்தா என்ன சார் படிச்சிருப்பீங்க?" என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பே இல்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு வணிகக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில். இடம் கிடைத்தும் வந்து சேராத பிள்ளைகளைக் கூப்பிட்டு, நைச்சியமாகப் பேசிக் கையெழுத்துப் போட வைப்பதுதான் பிழைப்பு. எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று அச்சடித்த தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதே கல்லூரியில் பட்டம் வாங்கியவர் என்பதால் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. அலுவலகத்தில் 'போன்காரர்' என்றால்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு இடங்களில் கிடைத்திருந்தது. இங்கே மூன்று வருஷ நிர்வாகப் படிப்பு. ஊரின் அந்தக் கோடியில், தத்துவம், கவிதை, வானியல் என்று எதை எதோடு வேண்டுமானாலும் சேர்த்துப் படிக்கலாம் என்கிற பேர்பெற்ற பல்கலைக்கழகம். அவள் கேட்ட கேள்விக்குத் தாளில் பதில் இல்லை.

பதினேழு வயதில் ஒரே ஒரு தடவை அவர் அங்கே போயிருக்கிறார். புல்தரையில் ஐந்தாறு பேர் மல்லாந்து படுத்துக்கொண்டு கவிதையின் ஒற்றை வரிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி இவரைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருபது வருஷமாக அந்தப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது.

இதையெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தார். போனை வைத்த பிறகுதான், அழைப்பெல்லாம் பதிவாகிறது என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் அம்மா பதிவை முழுக்கக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"பட்டியல்லயே அவதான் முதல் மார்க். அவ சேரலேன்னா, அப்புறம் உங்களுக்குப் பழைய கோப்பு அறை."

மறுநாள் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். படித்து முடித்த கையோடு வேலை, வெளிநாட்டுப் பயிற்சி என்று ஒரு வரி விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரவு-செலவுக் கணக்குப் பாடம் எப்படி இருக்கும் என்றாள்.

"ரெண்டு பக்கமும் கூட்டினா ஒரே தொகை வரணும். வந்துட்டா வீட்டுக்குப் போகலாம்."

"வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்மா."

"சரி சார்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

பெண் மனசு பிடிபடாவிட்டால் தாய் மனசைப் பிடிப்போம் என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நின்ற இடத்திலேயே பேசினார் போலிருக்கிறது, பின்னால் தள்ளுவண்டிச் சத்தம். நிலையான வேலை, கௌரவம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, அந்த அம்மா இடைமறித்து, "உங்களுக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இவர் தாளை மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்க, லைன் கட்டாகிவிட்டதா என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார்.

கடைசி முயற்சியாக, தாயையும் மகளையும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க அழைத்தார். நூலகம், கணினிக்கூடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆறாவது மாடி ஜன்னலுக்கு வந்ததும்தான் புத்தி பிசகியது. தூரத்தில் மரங்களுக்கு மேலே ஒரு மணிக்கூண்டு தெரிந்தது.

"அதுதான் அந்தப் பல்கலைக்கழகம். சாயங்காலம் வெயில் பட்டா மஞ்சளா மின்னும்" என்றார்.

மூவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காட்டவேண்டிய மாதிரிப் பங்குச்சந்தை அறையை அவர் மறந்தே போனார்.

சேர்க்கையின் கடைசி நாள். கோப்பு அறைச் சாவியை மேலாளர் காலையிலேயே அவர் மேஜையில் வைத்துவிட்டார். இவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அந்தப் புல்தரையில் அவள் படுத்திருப்பாள், யாராவது அவளை ஏதாவது கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு லேசானது. மேஜை இழுப்பறையைக் காலிசெய்ய ஆரம்பித்தார்.

நாலு மணிக்குத் தாயும் மகளும் சான்றிதழ்களோடு வந்து நின்றார்கள். அந்தப் பெண் படிவத்தை வாங்கி, குனிந்து, கட்டங்களை வரிசையாக நிரப்பினாள். மேலாளர் தானே எழுந்துவந்து அவருடைய தோளைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

சந்தோஷப்பட வேண்டிய ஆளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுபடியும் யாரோ தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

"ஏம்மா, அங்க போகலையா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் தலை நிமிரவில்லை. அம்மாதான் பதில் சொன்னார்.

"அங்கேருந்தும் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு தம்பி. அங்கேயே படிச்ச பொண்ணாம். உங்க காலேஜ்ல சேர முடியலையேன்னு அது உங்களைவிட ரொம்ப ஏங்கிடுச்சு."