விற்கப் போன மாத்திரையை விழுங்கிய நாள்

டை கட்டத் தெரியாமலே மெடிக்கல் ரெப் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்த முருகேசண்ணன் போட்டுக் கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல் மூன்று மாதம் கழுத்தில் மாட்டுவதும் கழற்றுவதுமாக ஓட்டினேன். அதற்குக்கூட எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் கட்டட மேஸ்திரியின் மகன். எங்கள் வீட்டில் ஷூ போட்டு வேலைக்குப் போன முதல் ஆள். கம்பெனி என்னிடம் ஒப்படைத்தது ஒரு பீட்டா பிளாக்கர். ரத்தக் கொதிப்பைக் குறைத்து, இதயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் போகச் சொல்லும் மாத்திரை. அதன் பெருமைகளைக் கண்ணாடி முன்னால் நின்று பத்து நாள் மனப்பாடம் செய்தேன். (என் தங்கை செல்விக்கு இரண்டே நாளில் பாடமாகிவிட்டது.)

ஆனால் டாக்டரைப் பார்த்ததும் என் இதயம் நிதானத்தை மறந்துவிடும். கை நடுங்கும். கையில் விரித்துப் பிடித்த விளம்பர அட்டை படபடக்கும். ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்த்து, ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃபேன் ஓடவே இல்லை.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து மேனேஜர் சீனிவாசன் வருவதாகத் தகவல் வந்தது. சரஸ்வதிபுரத்தில் இருந்த பெரிய இதய டாக்டரிடம் நான் பேசுவதை அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமாவது.

முந்தைய நாள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த விவரக் காகிதத்தை முழுதாகப் படிக்க உட்கார்ந்தேன். பெரிய எழுத்தில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும். சின்ன எழுத்தில் ஒரு வரி: மேடைப் பயத்தால் வரும் கை நடுக்கத்துக்கும் சில டாக்டர்கள் இதைக் கொடுப்பதுண்டாம். அடடா! மருந்து என் பைக்குள்ளேயே கிடக்கிறது! அந்த மகிழ்ச்சியில் அடுத்த வரிகளைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் அம்மா உப்புமாத் தட்டோடு பின்னாலேயே வந்தாள்.

“ஒரு வாய் தின்னுட்டுப் போடா.”

“வேணாம்மா, நேரமாச்சு.”

வெறும் வயிற்றில் சாம்பிள் மாத்திரை ஒன்று போட்டேன். டாக்டருக்கு ஒன்று போதும், மேனேஜருக்கு? இன்னொன்றும் போட்டேன்.

கிளினிக்கில் ரெப்களுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். பெஞ்சில் இரண்டு மணி நேரம். அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை. உலகத்தில் எல்லோருமே எனக்கு வேண்டியவர்களாகத் தெரிந்தார்கள்.

மேனேஜர் வந்து கை கொடுத்துவிட்டு, “என்னய்யா, கை ஐஸ் மாதிரி இருக்கு? பயமா?” என்றார்.

“இல்ல சார்.” சத்தியமாக இல்லை.

கூப்பிட்டார்கள். விருட்டென்று எழுந்து உள்ளே போனேன். விளம்பர அட்டை கல் மாதிரி அசையாமல் நின்றது. மேனேஜர் முகத்தில் பெருமிதம். “டாக்டர், எங்கள் மாத்திரை இதயத் துடிப்பை மெதுவாக...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் தரை என்னை நோக்கிக் கிளம்பி வந்தது.

கண் விழித்தபோது நோயாளிகளைப் படுக்க வைக்கும் மேசையில் கிடந்தேன். என் காலுக்கடியில் என் பையையே வைத்து உயர்த்தியிருந்தார்கள். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எங்கள் விளம்பர அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“ஃபார்ட்டி ஃபோர்,” என்றார் டாக்டர், நிமிடத்துக்கு எழுபதாவது துடிக்க வேண்டிய நாடியை. பிறகு கன்னடத்தில், “ஏனப்பா, ஏனு தகொண்டே?” என்ன சாப்பிட்டாய் என்கிறார்.

நான் மேனேஜர் கையிலிருந்த அட்டையை நோக்கி விரலை நீட்டினேன். விசிறல் நின்றது.

“எஷ்டு?” எத்தனையாம்.

“எரடு, சார்.” இரண்டு விரலையும் காட்டினேன்.

ஆஸ்துமா உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்திருந்தால் இந்நேரம் உன் மூச்சுக்காக ஓடிக்கொண்டிருப்பேன் என்றார். நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்ட பிறகுதான் நான் இதை நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிறேன், உனக்கு யார் பார்த்தார்கள் என்றும் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இ.சி.ஜி. எடுத்து, நாடி ஏறும்வரை அசையக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

மத்தியானம் போய், சாயங்கால நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். டையோடு படுத்திருந்த என்னை ஒவ்வொருவராக வேடிக்கை பார்த்தார்கள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் விடவில்லை.

“ஏனுங்க, இந்தத் தம்பிக்கு என்னாச்சுங்க?”

மேனேஜர் வாய் தவறி மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் மாறியது.

“ஐயோ, அதத்தானுங்க நானும் நாலு வருசமா திங்கறேன்! வேண்டாமுங்க சாமி, இன்னையோட நிறுத்திப்போடறேன்.”

டாக்டர் அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் ஏதோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். பயிற்சியில் சொன்னதில் ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது: இதைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

“அம்மா, நில்லுங்க!” என்று படுத்தபடியே கத்தினேன். “மாத்திரை மேல தப்பில்லைங்க. உங்களுக்கு டாக்டர் பாத்துக் கொடுத்தாரு. நான் யாரையும் கேக்காம, வெறும் வயித்துல ரெண்டு முழுங்கிட்டேன். நான்தான் முட்டாளுங்க. நீங்க பட்டுனு நிறுத்தினா நெஞ்சுவலி வந்துரும்.”

அந்த அம்மா திரும்பி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். “படிச்ச புள்ள மாதிரி இருக்கறே, இப்படிப் பண்ணலாமா?” என்று திட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

டாக்டர் மேனேஜரிடம் திரும்பி, “இந்தப் பையனை வேலையில வெச்சுக்கோங்க. கையில சாம்பிள் மட்டும் கொடுக்காதீங்க” என்று கன்னடத்தில் சொன்னார். இரண்டுமே நடந்தன. ஒரு வருடம் வரை சாம்பிளே இல்லாமல் மருந்து விற்ற ரெப் மைசூரில் நான் ஒருவன்தான்.

வீட்டில் மறைத்து வைக்கலாம் என்றிருந்தேன். மேனேஜரே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்தபடி முழுக்கதையையும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு வருடம் கழித்து என் கல்யாணம். தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சுப் போட வந்த செல்வி, முடிச்சை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அண்ணா, கை நடுங்கவே இல்லையே. உண்மையச் சொல்லு, என்ன போட்டுட்டு வந்தே?” பக்கத்தில் குனிந்திருந்த மணப்பெண்ணுக்கு அது நன்றாகவே கேட்டது. விளக்கம் பிறகு செல்வியிடமே கிடைத்திருக்கிறது.

இன்றைக்கும் சண்டையில் நான் பதில் பேசாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தால், என் மனைவி பாதியில் நிறுத்திக் கேட்பாள்:

“எத்தனை போட்டீங்க?”