பாடத் தெரியாதவள் காய்ச்சிய கண்ணாடி

பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னால் பேசாமல் பாடிவிட வேண்டும். குரல் கழுதைக்குப் போட்டியாக இருந்தாலும் பாதகமில்லை. என்னைப் போல வேறு வித்தை காட்டக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு ஷோகேஸில் பச்சை நிறத்தில் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அல்சூரில் எங்கள் வீடு. நான் அப்போதுதான் வேதியியல் பட்டம் வாங்கிய கர்வி. (உப்பைக் கேட்டால் ஃபார்முலாவோடு கொடுப்பேன்.) சேகர் தன் பெற்றோருடன் என்னைப் பார்க்க வந்தார். தட்டிலிருந்த கேசரியைக் கீழே நழுவவிட்டு, அதைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளியதை நான் மட்டும் பார்த்தேன். கட்டினால் இவரைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"ஒரு பாட்டு பாடும்மா, கேக்கலாம்," என்றார் சேகரின் அம்மா.

"பாட்டு தெரியாதுங்க. ஆனா மணலைக் கண்ணாடி ஆக்கத் தெரியும்," என்று உளறினேன். (படித்ததோடு சரி. பத்துத் தடவை செய்தவள் மாதிரி சொன்னேன்.)

என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சேகரின் அப்பாவோ குஷியாகிவிட்டார். அவருக்கு ஆடுகோடியில் பித்தளை வார்க்கும் பட்டறை. "அட, நம்மகிட்டதான் உலை இருக்கே! ஞாயித்துக்கிழமை வாம்மா, செஞ்சு காட்டு!"

வெறும் மணல் உருக அந்த உலையின் சூடு போதாது. சலவை சோடா கலந்தால் உருகும். சுண்ணாம்பு சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரையாமல் நிற்கும். எல்லாம் மனப்பாடம். ஆனால் அன்று காலை சலவை சோடா கிடைக்கவில்லை. சமையலறையில் ஆப்ப சோடா இருந்தது. சூடானால் அதுவும் சலவை சோடாவாக மாறிவிடும் என்று ஃபார்முலா சொன்னது. மாறுகிறபோது எவ்வளவு வாயுவைக் கக்கும் என்றும் சொன்னது. அந்தப் பாதியை நான் மறந்துவிட்டேன்.

உலையைச் சுற்றி இரண்டு குடும்பமும் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக நின்றன. பித்தளை உருக்கும் புது மூசையில் மணல், சுண்ணாம்பு, தாராளமாக ஆப்ப சோடா எல்லாவற்றையும் கொட்டி உள்ளே இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் அது ஆப்ப மாவு மாதிரி உப்பி எழுந்து, விளிம்பைத் தாண்டி, நெருப்பில் வழிய ஆரம்பித்தது.

"பொங்குது! பொங்குது!" என்று அலறினார் சேகரின் அப்பா.

"பொங்கலோ பொங்கல்," என்றார் சேகர், மெதுவாக.

நான் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், பட்டறை அதிரும்படி சிரித்தேன்.

ஆறியதும் மூசையைச் சுத்தியலால் உடைத்துத்தான் உள்ளே இருந்ததை எடுக்க முடிந்தது. கரியும் குமிழியுமாக ஒரு பச்சைக் கட்டி. சேகரின் அம்மா அதைப் பார்த்தார், உடைந்த மூசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு இந்தப் பொண்ணு பாட்டே பாடியிருக்கலாம்," என்றார்.

என் சிரிப்பு நின்றது. சம்பந்தம் போயிற்று என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சேகர் கட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கண்ணாடிதானாடா? ஏதாச்சும் தெரியுதா?" என்றார் அவர் அப்பா ஆவலாக.

"ஒண்ணும் தெரியலப்பா. ஆனா எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

கல்யாணம் நடந்தது. சில வருஷம் கழித்து என் கொழுந்தனுக்குக் காக்ஸ் டவுனில் பெண் பார்க்கப் போனோம். பாட வருமா என்று யாரோ கேட்க, அந்தப் பெண் தயங்கி, "பாட்டு வராதுங்க, ஆனா..." என்று ஆரம்பித்தாள். என் மாமியார் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்ல கண்ணு! உன்னை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வேற எதுவும் செஞ்சு காட்ட வேணாம், பேடா!"